கேளுங்கள் டீச்சர்: மாப்பிள்ளை காத்திருப்பார், பரீட்சை காத்திருக்காது

பெண் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுபோவதைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, "அறிவுரை எல்லாம் தெரியும் டீச்சர், வழியைச் சொல்லுங்கள்" என்கிற ரகம். நியாயம்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அவற்றுக்கே. பெயர்களை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். 18 முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. என் நாத்தனார் மகனுக்குக் கேட்கிறார்கள். தையிலேயே முடித்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மகள் தினமும் அழுகிறாள். போலீஸ், கேஸ் என்று போனால் சொந்தபந்தம் மொத்தமும் என்னைத்தான் தூற்றும். என்ன செய்வது?
– ஒரு தாய், அரூர் பக்கம்

எடுத்ததும் போலீஸ் வேண்டாம்மா, வீட்டிலேயே ஆரம்பியுங்கள். ஆனால் "படிச்சா பெரிய ஆளா வருவா" என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அது அவருக்குத் தெரியாததில்லை. அவர் பயம் வேறு எங்கேயோ இருக்கும். அக்கா கோபித்துக்கொள்வாளோ, கையில் வந்த சம்பந்தம் நழுவிவிடுமோ, வயசுப் பெண் காலேஜுக்குப் போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பாளோ, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அக்காதான் பிரச்சினை என்றால், சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சண்டை அங்கேதான் வெடிக்கும். "மார்ச்சில் பரீட்சை, அது முடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். உரிமை உள்ள மாப்பிள்ளை ஆறு மாதத்தில் ஓடிவிட மாட்டார். அவர்கள் அவசரப்படுத்தினால், அந்தப் பையனின் நன்மைக்காகவே இதைச் சொல்லுங்கள்: 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 நிரம்பாத பெண்ணைக் கட்டும் வயது வந்த ஆணுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நடத்தி வைப்பவர்களுக்கும் முன்னின்று செய்யும் பெற்றவர்களுக்கும் அதே தண்டனைதான் (பெண்களுக்குச் சிறை கிடையாது என்று ஒரு விலக்கு உண்டு, அவ்வளவே). அதோடு முடியவில்லை. 18-க்குக் கீழே உள்ள மனைவியோடு வாழ்ந்தாலும் அது போக்சோ சட்டத்தில், அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும். பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போன இடத்தில் வயதைப் பார்த்துவிட்டுத் தகவல் கொடுக்க வேண்டியது டாக்டரின் சட்டக் கடமை. அந்த இடத்தில்தான் நிறையக் குடும்பங்கள் மாட்டுகின்றன, அதுவும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்திருக்கும்போது. உங்கள் நாத்தனாருக்கு உங்கள் மகளின் படிப்பு பெரிதாகத் தெரியாவிட்டாலும் தன் மகன் ஜெயிலுக்குப் போவது பெரிதாகத் தெரியும்.

பேச்சுக்கு வகுப்பு ஆசிரியையையோ தலைமை ஆசிரியரையோ வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். "டீச்சர் வந்து சொன்னாங்க, நான் என்ன பண்றது" என்று உங்கள் வீட்டுக்காரர் அக்காவிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக் கிடைக்கும். அவருக்கும் சாக்கு தேவைப்படுகிறது, அதை மறக்காதீர்கள்.

எதுவும் பலிக்கவில்லை, பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்றால் யோசிக்காமல் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். நீங்கள், உங்கள் மகள், அவள் தோழி, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், இரவு பகல் கணக்கில்லை. யார் சொன்னது என்று வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவர் ஆட்கள் வந்து பேசி எழுதி வாங்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம், அந்த உத்தரவை மீறிக் கட்டிய தாலி சட்டப்படி செல்லாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டம் உங்களுக்கு ஏழு மாதம்தான் வாங்கித் தரும். 18 முடிந்த மறுநாள் 1098 வர மாட்டார்கள். ஆகவே அந்த ஏழு மாதத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வரும் சமயத்திலேயே அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் ஓடும், ஒரு நாளும் தள்ளாதீர்கள். ரிசல்ட்டுக்கும் காலேஜ் திறப்பதற்கும் நடுவில் பெண் வீட்டில் சும்மா இருக்கிற அந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் அவ்வளவு கல்யாணமும் நிச்சயமாகிறது. கையில் சேர்க்கைக் கடிதம் இருக்கிற பெண்ணைக் கேட்டு வருகிறவர்களின் பேச்சே கொஞ்சம் மாறிவிடும்.

தாலிக்குத் தங்கம் கொடுத்த நல்ல திட்டத்தை நிறுத்திவிட்டு, காலேஜ் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் என்கிறார்கள். காலேஜ் போகாத ஏழைப் பெண் என்ன செய்வாள்? ஆயிரம் ரூபாயில் கல்யாணம் நடக்குமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

நடக்காது. ஆனால் அந்த ஆயிரம் கல்யாணத்துக்காகக் கொடுப்பதும் இல்லையே.

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இந்தத் திருமண உதவி ஆரம்பித்தபோது 5,000 ரூபாய். வாங்குவதற்கு மணப்பெண் எட்டாவது வரை படித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. பிறகு அது பத்தாவது ஆனது, தொகை 25,000 ஆனது, பட்டம் பெற்றவர்களுக்கு 50,000 ஆனது, 2011-ல் 4 கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-ல் 8 கிராம். அந்த நிபந்தனை வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தவள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாக்கள் வந்து, "எப்படியாச்சும் பத்தாவது பாஸ் பண்ண வெச்சிருங்க டீச்சர், இருபத்தஞ்சாயிரமும் தங்கமும் வரும்" என்று கேட்டுக்கொண்டதுண்டு. அதே அப்பாக்கள் ரிசல்ட் வந்த வாரமே டி.சி. வாங்க வந்து நிற்பார்கள். கோடு போட்ட இடத்தில் நின்றுவிட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது!

2022 செப்டம்பர் 5 முதல் அதே அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பட்டப்படிப்போ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால், முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே. அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது, அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அஞ்சல் வழிக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் தினமும் காலேஜ் போக முடியாத நிலையில் இருக்கிற பெண்கள். மூன்று வருடப் படிப்புக்கு மொத்தம் 36,000 வரும். தங்கத்தின் விலையோடு ஒப்பிட்டால் நஷ்டம் என்பீர்கள். கணக்குப்படி சரி. ஆனால் தங்கம் பெண்ணை மணவறையில் உட்கார வைத்துவிட்டு வந்தது, இந்த ஆயிரம் மாதாமாதம் அவளைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றுகிறது.

காலேஜ் போகாத ஏழைப் பெண்ணுக்கு என்ன என்று கேட்டீர்கள். விதவைத் தாயின் மகளுக்கும், ஆதரவற்ற பெண்ணுக்கும் வேறு பெயர்களில் உள்ள திருமண உதவிகள் அப்படியேதான் இருக்கின்றன, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.

உங்கள் பக்கத்து ஊர் என்பதால் இதையும் எழுதுகிறேன். மூவலூர் மயிலாடுதுறையை ஒட்டி இருக்கிறது. தேவதாசி முறையில் சிக்கி அதிலிருந்து வெளியே வந்து, மேடை மேடையாகப் போய் அந்த முறையையே ஒழிக்கப் பாடுபட்டவர் அந்த அம்மையார். பெண்ணை விற்பதை எதிர்த்து வாழ்நாளெல்லாம் கத்தினவரின் பெயரைத் தாலித் தங்கத்துக்கு வைத்திருந்ததை விடப் படிப்புக்கு வைத்தது பொருத்தம் என்பது என் கட்சி.

பத்தாவதில் கணக்கில் ஃபெயில். வீட்டில் கஷ்டம் என்று ஸ்பின்னிங் மில்லில் சேர்த்துவிட்டார்கள். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு இப்போது 19 வயது. திரும்பப் படிக்க முடியுமா, இல்லை எல்லாம் முடிந்துவிட்டதா?
– ஒரு தொழிலாளி, வேடசந்தூர் பக்கம்

உன்னை நீ என்றே கூப்பிடுகிறேன், என் மாணவிகள் வயதுதான் உனக்கு. முடிந்துபோவதற்கு இன்னும் எதுவும் ஆரம்பிக்கவே இல்லை.

பத்தாவதில் நீ பாஸ் செய்த பாடங்கள் பாஸ்தான், அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கணக்கு ஒன்றை மட்டும் தனித்தேர்வராக எழுது. ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் சில பள்ளிகளை அரசுத் தேர்வுகள் சேவை மையம் என்று வைத்திருப்பார்கள், அங்கே போய் விண்ணப்பிக்க வேண்டும். பொதுத் தேர்வோடும் எழுதலாம், அது முடிந்து ஜூன், ஜூலை வாக்கில் வருகிற துணைத் தேர்விலும் எழுதலாம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் ரொம்பக் குறைவு, மில்லில் இருக்கிறவளுக்கு அது கண்ணில் படாமலே போய்விடும். உன்னோடு படித்தவள் யாரையாவது சொல்லி வை, இல்லை 14417-க்குப் போன் போட்டுக் கேள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. 35 மார்க் வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் 35 எடுக்க முழுப் புத்தகமும் வேண்டாம், வரைபடமும் வடிவியலில் வரைகிற கணக்கும் கைக்கு வந்துவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று. பழைய கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் போடு.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது. வயர்மேன், வெல்டர், தையல் மாதிரி சில பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் போதும். பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. "வெல்டர் வேலைக்குப் பொம்பளைப் பிள்ளையா" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மில்லில் ராத்திரி ஷிப்டில் நின்றுகொண்டே வேலை பார்த்த கைக்கு அது ஒன்றும் பாரமில்லை. கணக்கையும் பாஸ் செய்துவிட்டால் பாலிடெக்னிக், பிளஸ் ஒன் எல்லாக் கதவும் திறக்கும்.

இப்போது மில் விஷயம். இந்த மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் சுமங்கலித் திட்டம் என்றும் திருமகள் திட்டம் என்றும் மங்களகரமாகப் பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணச் செலவுக்குப் பணம் என்று ஆசை காட்டி, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக் கடைசியில் தருவதுதான் அதன் சூட்சுமம். மூன்று வருஷம் முடிய சில வாரம் இருக்கும்போது ஏதோ காரணம் சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். நீ செய்த வேலைக்கு மாதச் சம்பளம் உன் உரிமை, பாதியில் போனால் எதுவும் கிடையாது என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பி.எஃப். பிடித்திருந்தால் அதுவும் உன் பணம், உன் யு.ஏ.என். எண்ணை எழுதி வைத்துக்கொள். தர மறுத்தால் மாவட்டத்தில் இருக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடு.

கடைசியாக, மார்க் ஷீட்டும் டி.சி.யும் அசல் யாரிடம் இருக்கிறது? மில்லில் வாங்கி வைத்திருந்தால் முதல் வேலையாகக் கேட்டு வாங்கு. "லீவில் வீட்டுக்குப் போகிறேன், ரேஷன் கார்டு வேலைக்கு வேண்டும்" என்று எதையாவது சொல்லியாவது வாங்கிவிடு, பொய்தான், இருக்கட்டும். கிடைக்கவே கிடைக்காது என்றால் மார்க் ஷீட்டுக்கு இரண்டாம் படி வாங்க அரசுத் தேர்வுத் துறையில் வழி இருக்கிறது, நீ படித்த பள்ளித் தலைமை ஆசிரியர் மூலமாகப் போ.

பெண்களை அதிகம் படிக்க வைத்தால் பெற்றவர்களை மதிப்பதில்லை, தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இதற்கு உங்கள் பதில்?
– ஒரு வாசகர், பெருந்துறை

செய்துகொள்ளட்டுமே. படிக்காதவர்களும்தான் செய்துகொள்கிறார்கள், அவர்களுக்குச் சம்பாதிக்க வழி இல்லாததால் பிடிக்காவிட்டாலும் திரும்பி வர முடிவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்கக் கூடாது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று அந்தக் காலத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டார். 1912-ல் முத்துலட்சுமி டாக்டர் ஆனார். பையன்கள் யாரும் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை.

திண்டிவனம் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஜனவரி வந்தால் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, சோறாக்க என்று கூடவே போகிறார்கள். திரும்பி வந்தால் பள்ளியில் பெயர் இல்லை என்கிறார்கள். பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்குச் சாதிச் சான்று இல்லாமல் அடுத்தது நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு தன்னார்வலர்

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இரண்டும் பெரியவை.

பெயர் இல்லை என்று சொல்வது முதலில் தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், டி.சி. இல்லை, தாமதமாகிறது என்பதைக் காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. இதைத் தலைமை ஆசிரியரிடம் சண்டையாகச் சொல்லாமல் ஒரு மனுவாக எழுதிக் கொடுத்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் போடுங்கள். எழுத்தில் வந்தால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். சூளை இருக்கிற ஊரிலேயே ஒரு பள்ளி இருக்கும், அங்கேயும் அந்த ஆறு மாதத்துக்குச் சேர்க்கலாம்.

ஆனால் சேர்த்தால் மட்டும் போதாது, அந்தப் பெண்ணின் இடுப்பில் இருக்கிற தம்பிக்கு என்ன வழி? அவனை அங்கன்வாடியில் விட்டால்தான் அக்கா பள்ளிக்கு வருவாள். இதை யாரும் திட்டம் போடும்போது யோசிப்பதில்லை. பெரிய வகுப்புப் பெண்கள் என்றால், குடும்பம் சூளைக்குக் கிளம்பும் முன்பே விடுதியில் சேர்த்துவிடுவதுதான் உருப்படியான வழி. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, இடைநின்ற பெண்களுக்கென்று 2004-ல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா பள்ளிகளும் சில மாவட்டங்களில் இருக்கின்றன, தங்குவதும் சாப்பாடும் இலவசம். நவம்பர், டிசம்பரிலேயே பெற்றோரிடம் பேசுங்கள். முன்பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் எத்தனை கை வேலைக்கு வரும் என்று சூளைக்காரர் கணக்குப் போட்டிருப்பார், அதற்கப்புறம் பேசி ஜெயிப்பது கடினம்.

சாதிச் சான்று. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். இதுவே தெரியாமல் தாலுகா ஆபீஸ் படிக்கட்டைத் தேய்த்தவர்கள் அநேகம் பேர். தகப்பனுக்கோ சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஒரு சான்று இருந்தால் பாதி வேலை முடிந்தது, ரத்த உறவில் யாரிடமாவது இருக்கிறதா என்று ஊர் ஊராகக் கேளுங்கள். யாரிடமும் இல்லை என்றால் நேரில் வந்து விசாரிக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். தனித்தனியாகப் போகாமல் குடியிருப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்து, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் போடுங்கள், அப்போதுதான் ஒரு முகாமாக நடத்தி முடிப்பார்கள். இருளர்கள் தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்று மத்திய அரசு தனியாகப் பட்டியலிட்ட ஆறு சமூகங்களில் ஒன்று, இதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தப் பெண்ணைப் பிளஸ் ஒன்னில் சேர்க்க இந்தச் சான்று வரட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம், சேர்த்துவிட்டு அலையுங்கள். உதவித்தொகைக்குத்தான் சான்று கட்டாயம், வகுப்பில் உட்காருவதற்கு இல்லை.

நான் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலம். மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும், திரும்பும்போது இருட்டிவிடும். அனுப்பப் பயமாக இருக்கிறது.
– ஒரு தகப்பன், நாமக்கல் மாவட்டம்

சீட் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். உங்கள் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பயத்துக்கு விடுதி என்று ஒரு மருந்து இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் கல்லூரி மாணவியர் விடுதிகள் இருக்கின்றன, இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தங்குவதும் மூன்று வேளைச் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்குப் பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குப் பொருந்தாது. விண்ணப்பம் வாங்குவது ஒரே ஒரு சீசனில்தான், கல்லூரி திறந்த சூட்டோடு போய்க் கேளுங்கள். போய் அறையையும் கழிப்பறையையும் வார்டனையும் நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள், எல்லா விடுதியும் ஒன்று போல இருக்காது.

வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்றால், 2021-லிருந்து வந்த மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான் என்பது தெரிந்திருக்கும், மற்ற பஸ்ஸுக்கு மாணவர் பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதையும் கேட்டு மாற்றலாம். அதே பக்கத்திலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். ஒரு மணி நேரம் முன்னே பின்னே மாற்றிவிட்டதால் தொடர்ந்து படித்த பெண்களை எனக்குத் தெரியும்.

மலைக் கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஏழாவது, எட்டாவது பெண்கள் மாதம் மூன்று நாள் வருவதில்லை. வயதுக்கு வந்துவிட்டால் பதினாறு நாள் சடங்கு முடித்து, பாதிப் பேர் திரும்புவதே இல்லை.
– ஓர் ஆசிரியை, ஜவ்வாது மலை

அந்த மூன்று நாளைக்குக் காரணம் உங்கள் பள்ளிக் கழிப்பறைதான் என்று சந்தேகிக்கிறேன். தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, நாப்கினைப் போட மூடி வைத்த வாளி இருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எந்தப் பெண்ணும் வர மாட்டாள், நீங்களும் நானும்கூட வர மாட்டோம். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு அரசு இலவச நாப்கின் தருகிறது, பள்ளி வழியாக ஒழுங்காக வருகிறதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆகவே தண்ணீர் விஷயத்தை நீங்கள் பேசாமல் அந்தத் தாய்மார்களைப் பேச வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும், அதை விட்டால் வேறு நல்ல நாள் கிடைக்காது.

சடங்குக்கு என்னிடம் ஒரே யோசனைதான். மொய் எழுதப் போங்கள். டீச்சர் தட்டோடு வந்து நின்றால் அந்த வீட்டுக்குப் பெருமை. கிளம்பும்போது பாட்டியிடம், "திங்கக்கிழமை அனுப்பி வெச்சிருங்க, பரீட்சை இருக்கு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அம்மாவிடம் இல்லை, பாட்டியிடம். முடிவு எடுக்கிறது அங்கேதான்.

புதுமைப் பெண் பணம் மாதாமாதம் வருகிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும்கூடக் காசு இல்லை. கேட்டால் அடிக்க வருகிறார். காலேஜை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.
– இரண்டாம் ஆண்டு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

நீ நிறுத்தினால் அந்த ஆயிரமும் நின்றுவிடும், இதை முதலில் உன் அப்பாவுக்குப் புரிய வைக்க வேண்டும். அதை நீ சொல்லாதே, காலேஜில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரை விட்டுப் போன் போடச் சொல். "உங்க பொண்ணு லீவு அதிகமா இருக்கு, இப்படியே போனா பணம் நின்னுடும் சார்" என்று அவர் சொன்னால் உன்னைக் காலேஜுக்கு அனுப்புவதில் உன் அப்பாவே முன்னால் நிற்பார். குறுக்கு வழிதான், வேலை செய்யும்.

பணம் உன் பெயரில் உன் கணக்கில் வருகிறது. நீ 18 தாண்டியவள். ஆதார், பாஸ்புக்கோடு வங்கிக்கு நேரில் போய் அந்தக் கார்டை முடக்கிவிட்டுப் புதுக் கார்டு கேட்கலாம், அப்பாவின் கையெழுத்து எங்கேயும் தேவையில்லை. ஆனால் புதுக் கார்டு வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்தால் திரும்பவும் அவர் கைக்குத்தான் போகும், வங்கிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார். கார்டே வேண்டாம் என்று விட்டுவிட்டு, பாஸ்புக்கைக் காலேஜ் பையில் வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை வங்கியிலேயே போய் எடுத்துக்கொண்டாலும் சரி. குறுஞ்செய்தி போகிற செல் நம்பர் யாருடையது என்றும் பார், அப்பா நம்பராக இருந்தால் அதையும் மாற்று. இதையெல்லாம் செய்யும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, பணம் எடுக்க வரவில்லை என்று தெரிகிற அன்று வீட்டில் அடி விழுவது அவருக்கும் சேர்த்துத்தான் இருக்கும். அப்படி ஒரு நாள் வந்தால் 181, பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அடிக்கு உண்மையாகவே பயமாக இருந்தால் கார்டை இப்போதைக்கு விட்டுவிடு. மேலே நாமக்கல் தகப்பனாருக்கு எழுதிய விடுதி விவரத்தைப் படி. முதலில் வீட்டை விட்டு விடுதிக்கு மாறு, ஆயிரம் ரூபாயை அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம்.